தியாக சிகரம்: 47-ஆம் அத்தியாயத்துக்குப் பிறகு

முதலிலேயே ஓர் எச்சரிக்கை. இது கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நாவலின் ஐந்தாம் பாகமான 'தியாக சிகரம்' பற்றிய விமர்சனம். கடம்பூர்க் கொலை, ஆள்மாறாட்டம், பட்டாபிஷேகம் எல்லாவற்றையும் போட்டு உடைத்துத்தான் பேச வேண்டியிருக்கிறது. இப்போதுதான் 'கொலை வாள்' படித்துக்கொண்டிருக்கிறேன் என்பவர்கள் முடித்துவிட்டு வாருங்கள்.

பொ.செ. ரசிகர்கள் நாலு பேர் கூடினால் வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வரும் காட்சியை மணிக்கணக்கில் பேசுவார்கள். ஐந்தாம் பாகம் என்று எடுத்ததும் குரல் கொஞ்சம் இறங்கும். "நல்லாத்தான் இருக்கு, ஆனா..." அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரே சொல்தான் வரும்: இழுவை. ஏமாற்றம் உண்மைதான். ஆனால் அதற்குச் சொல்லப்படும் காரணம் சரியில்லை.

கணக்கைப் பார்த்துவிடலாம். புது வெள்ளம் 57 அத்தியாயம், சுழற்காற்று 53, கொலை வாள் 46, மணிமகுடம் 46, தியாக சிகரம் 91. மொத்தம் 293. கடைசிப் பாகம் மட்டும் நாலாம் பாகத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. முழு நாவலில் மூன்றில் ஒரு பங்கை நெருங்குகிறது. நீளம் என்பது மறுக்க முடியாத விஷயம். ஆனால் நாலு பாகம் முடித்துவிட்டு வந்தவனுக்கு நீளமா பிரச்சினை? அவன் இன்னும் நூறு அத்தியாயம் கொடுத்தாலும் படிப்பான். பாரம் எங்கே ஏற்றப்பட்டிருக்கிறது என்பதுதான் பிரச்சினை. பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலன் சாகும் இரவு 39-ஆம் அத்தியாயத்தில் வந்துவிடுகிறது. அவனைப் பழிவாங்க வந்த, பெரிய பழுவேட்டரையரின் இளம் மனைவி நந்தினி 47-இல் கதையை விட்டுப் போகிறாள். அத்தியாயத்தின் தலைப்பே 'நந்தினியின் மறைவு'. அவள் போன பிறகு இன்னும் 44 அத்தியாயம் பாக்கி. பாயசம் பரிமாறி முடித்த பிறகு மறுபடி சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு வருவது போலத்தான்.

அந்த முதல் 47 அத்தியாயங்கள் எப்படிப்பட்டவை என்று சொல்லாமல் மீதியைக் குறை சொன்னால் நியாயம் இல்லை. ஐந்து பாகத்திலும் கல்கியின் கை முழு வேகத்தில் ஓடுவது இங்கேதான். நாகைப்பட்டினத்தில் 'கடல் பொங்கியது', அடுத்து 'நந்தி முழுகியது'. ஊருக்குள் கடல் புகுந்ததை நீண்ட வர்ணனை இல்லாமல், ஒரு நந்தி தண்ணீருக்குள் போவதை வைத்தே கண்ணுக்குக் கொண்டுவந்துவிடுகிறார். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகைக்காரர் ஒருவர் அந்தப் பக்கங்களைப் படித்தால் அது வெறும் கதையாக இருக்காது.

அதே புயல் கொள்ளிடத்தில் பெரிய பழுவேட்டரையரின் படகைக் கவிழ்க்கிறது. உடம்பில் அறுபத்து நான்கு விழுப்புண் கொண்ட கிழவர், சோழ நாட்டின் தனாதிகாரி, சேற்றிலும் இருட்டிலும் கிடந்து தன் மனைவி யார், அவள் வீட்டுக்குள் வந்தது எதற்காக என்று சதிகாரர் வாயாலேயே கேட்கிறார். 8-லிருந்து 12 வரை ஐந்து அத்தியாயம். தலைப்புகளை வரிசையாகப் படித்தாலே போதும்: படகில் பழுவேட்டரையர், கரை உடைந்தது, கண் திறந்தது, மண்டபம் விழுந்தது, தூமகேது மறைந்தது. உடைந்தது கொள்ளிடக் கரை மட்டும் இல்லை, விழுந்தது மண்டபம் மட்டும் இல்லை என்று ஓரிடத்திலும் கல்கி விளக்கவில்லை. நாலு பாகமாக நாம் வெறுத்தும் கேலி செய்தும் வந்த மனிதர்மேல் ஐந்தே அத்தியாயத்தில் இரக்கம் வந்துவிடுகிறது. தொடர்கதை எழுத நினைப்பவர்கள் இந்த ஐந்தை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

பிறகு ஒரே இரவில் இரண்டு இடம். தஞ்சையில் ஊமை ராணி மந்தாகினி, சக்கரவர்த்தி சுந்தர சோழர்மேல் எறிந்ததைத் தன் உடம்பில் வாங்கிக்கொண்டு சாகிறாள். கடம்பூரில் 31 முதல் 40 வரை அநேகமாக ஒரே மாளிகை, ஒரே இரவு. நந்தினியின் அறை, பக்கத்தில் யாழ்க் களஞ்சியம், மிருகங்களைப் பாடம் செய்து வைத்திருக்கும் வேட்டை மண்டபம், அதற்குள் திறக்கும் சுரங்கப் பாதை. யார் எங்கே ஒளிந்திருக்கிறார், யார் காதில் எது விழுகிறது என்பதெல்லாம் நாடக மேடையில் கோடு போட்டு நிறுத்தினாற்போல இருக்கும். விளக்கு அணைகிறது. 'காரிருள் சூழ்ந்தது'.

கொன்றது யார்? கடைசிப் பாகத்தின்மேல் வைக்கப்படும் முதல் புகார் இதுதான்: கல்கி சொல்லாமல் நழுவிவிட்டார் என்று. அறையில் நந்தினி இருந்தாள், வாள் இருந்தது. சதிகாரன் ரவிதாஸன் கூட்டம் இருந்தது. காளாமுக வேடத்தில் பழுவேட்டரையர் இருந்தார். சாவைத் தேடிக்கொண்டே கடம்பூர் வந்த கரிகாலனே இருந்தான். கடம்பூர்ப் பெண் மணிமேகலை, நான்தான் கொன்றேன் என்கிறாள், தான் விரும்பும் வந்தியத்தேவனைக் காப்பாற்ற. பின்னால் பழுவேட்டரையர் வந்து பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார். அதை எவ்வளவு தூரம் நம்புவது என்று ரசிகர்கள் இன்றுவரை வாதாடுகிறார்கள். இந்தப் புகாரில் நாங்கள் சேரவில்லை. காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில், ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சோமன், ரவிதாஸனான பஞ்சவன் பிரமாதிராஜன், பரமேஸ்வரனான இருமுடிசோழ பிரமாதிராஜன் முதலியோரைக் கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று அது குறிப்பிட்டு, அவர்கள் உறவினர் சொத்தைப் பறிமுதல் செய்யச் சொல்கிறது. எதற்காகக் கொன்றார்கள், பின்னால் யார் இருந்தார்கள் என்று கல் பேசவில்லை. கல் விட்ட இடைவெளியில் ஒரு விளக்கை அணைத்துவிட்டு, அங்கே நின்ற ஒவ்வொருவர் கையிலும் கொஞ்சம் ரத்தம் பூசிவிட்டார் கல்கி. துப்பறியும் கதையாக எடுத்துக்கொண்டால் அது ஏய்ப்பு. துயரக் கதையாக எடுத்துக்கொண்டால் அதைவிட நல்ல வழி கிடையாது.

சரி, எங்கே சறுக்குகிறது?

48-ஆம் அத்தியாயத்தின் தலைப்பு 'நீ என் மகன் அல்ல!' கண்டராதித்தரின் மனைவி செம்பியன் மாதேவி மதுராந்தகனிடம் சொல்வது. இதிலிருந்துதான் பின்பாதி தொடங்குகிறது. அரியணைக்கு ஆசைப்பட்டு, பழுவேட்டரையர்களின் மூடுபல்லக்கில் பயணம் செய்து, சிற்றரசர்களின் சதிக்குக் காரணமாயிருந்த மதுராந்தகன், கண்டராதித்தரின் பிள்ளையே இல்லை, மந்தாகினியின் பிள்ளை. உண்மையான சோழ இளவரசன் தஞ்சையில் பூமாலை கட்டிக்கொண்டு, தேவாரம் பாடிக்கொண்டு, பூங்குழலியை நினைத்து உருகிக்கொண்டிருந்த சேந்தன் அமுதன்.

இந்த முடிச்சு கடைசி நேரத்தில் எங்கிருந்தோ வந்து குதித்ததில்லை. முதல் பாகத்திலிருந்தே நூல் ஓடுகிறது. பெற்ற தாயே மகனுக்குப் பட்டம் கட்டக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தது ஏன்? மாலை கட்டும் பிள்ளைமேல் அந்தப் பெரிய பிராட்டிக்கு அத்தனை வாஞ்சை ஏன்? மறுபடி படிக்கும்போது ஒவ்வொன்றாகக் கண்ணில் படும். முடிச்சைப் போட்டதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவிழ்க்கும் விதத்தில்தான் இரண்டு கோளாறு.

முதல் கோளாறு, அவிழ்ப்பது நிகழ்ச்சியாக நடப்பதில்லை, பேச்சாக நடக்கிறது. தங்கசாலைக்கு அடியில் பாதாளச் சிறை. முதல் நாலு பாகத்தில் அந்த இடத்தின் பேரைச் சொன்னாலே குலை நடுங்கும். அங்கே கிடக்கும் 'பைத்தியக்காரன்' கருத்திருமன் வாயில்தான் பழைய கதை முழுக்க அடைபட்டிருக்கிறது. 58-ஆம் அத்தியாயம் 'கருத்திருமன் கதை'. அவர் சொல்கிறார், வந்தியத்தேவன் கேட்கிறான், நாமும் கேட்கிறோம். பழுவேட்டரையருக்கு உண்மை தெரிந்தபோது அவருக்குக் காலடியில் கரை உடைந்தது. இங்கே உண்மை தெரியும்போது ஒருவர் உட்கார்ந்து சொல்ல, இன்னொருவர் 'ஊம்' கொட்டுகிறார். ஒரே பாகத்தில், ஒரே ஆசிரியர் கையில், இரண்டுக்கும் இவ்வளவு தூரம்.

நாயகனுக்கு நேர்ந்த கதியும் இதோடு ஒட்டியது. ஏரிக்கரையில் தொடங்கி, ஆழ்வார்க்கடியானோடு சண்டை போட்டு, கோட்டையிலிருந்து தப்பி, கடல் தாண்டி, சுழலில் மாட்டி, ஒவ்வொரு பாகத்தையும் தன் அவசரப் புத்தியால் முன்னுக்குத் தள்ளியவன் வந்தியத்தேவன். ஐந்தாம் பாகத்தின் பின்பாதியில் அவன் கைதி; பிறகு தப்பியோடி; பிறகு காயம்பட்டு அமுதன் குடிசையில் படுத்திருப்பவன். மற்றவர்கள் அவனைப் பார்க்க வருகிறார்கள், காப்பாற்றுகிறார்கள், அவனுக்காக வாதாடுகிறார்கள். கதையைத் தள்ளும் வேலையை அவனிடமிருந்து பிடுங்கி யாரிடம் கொடுத்தார் தெரியுமா? பினாகபாணியிடம். ஆமாம், இரண்டாம் பாகத்தில் மூலிகை தேடிக் கோடிக்கரைக்குக் கூட வந்த அந்த வைத்தியர் மகன்! 'பினாகபாணியின் வேலை' (54), 'பினாகபாணியின் வஞ்சம்' (63) என்று அவனுக்கு இரண்டு தலைப்பு. நந்தினியைப் போன்ற எதிரியைப் பார்த்த வாசகனுக்கு, அவள் போன இடத்தில் பினாகபாணி வந்து நிற்பது பெரிய இறக்கம். ராட்சசி போனாள், மூட்டைப்பூச்சி வந்தது.

தலைப்புகளைப் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்று. 33-ஆம் அத்தியாயம் 'ஐயோ! பிசாசு!'. 65-ஆம் அத்தியாயமும் 'ஐயோ, பிசாசு!'தான். 13 'குந்தவை கேட்ட வரம்'. 51 'மணிமேகலை கேட்ட வரம்'. மூன்றரை ஆண்டு வாரம் தவறாமல் எழுதினால் கை பழகிய பாதையில்தான் போகும். இதைக் குற்றம் என்று சொல்லவில்லை. 1950-இல் தொடங்கிய தொடர் 1954-இல் முடிந்தது. அதே 1954 டிசம்பர் 5-இல் கல்கி காலமானார். ஆற அமர உட்கார்ந்து வெட்டவும் ஒட்டவும் அவருக்கு நாள் கிடைக்கவில்லை. நம் கையில் இருப்பது அநேகமாக வாரப் பத்திரிகைக்குப் போன அதே வடிவம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் கோபம் தணியும்.

இரண்டாவது கோளாறுதான் முக்கியமானது. அது கைத் தளர்ச்சியால் வந்ததில்லை, கல்கி யோசித்து எடுத்த முடிவால் வந்தது.

வரலாறு அவருக்கு ஒரு கட்டாயத்தைக் கொடுத்திருந்தது. கரிகாலன் இறந்து, சுந்தர சோழரும் மறைந்த பின் உடனே அரியணை ஏறியது கரிகாலனின் தம்பி அருள்மொழி (பின்னாளில் ராஜராஜன்) இல்லை, செம்பியன் மாதேவியின் மகன் உத்தம சோழர். ஏறக்குறைய 15 ஆண்டு ஆண்டார். ராஜராஜன் பட்டத்துக்கு வந்தது 985-இல். ஏன் காத்திருந்தான்? திருவாலங்காட்டுச் செப்பேடு ஒரு பதில் தருகிறது: மக்கள் வேண்டியும், தன் சிற்றப்பனுக்கு நாட்டின்மேல் ஆசை இருக்கும் வரை தான் அதை மனத்தாலும் விரும்பவில்லை என்று அருள்மொழி விட்டுக்கொடுத்தான். நாவலின் கடைசிப் பாகம் முழுக்க இந்த ஒரு செய்தியிலிருந்து முளைத்ததுதான்.

இன்னொரு பக்கம், உடையார்குடிக் கல்வெட்டால் ஒரு சங்கடம். உத்தம சோழர் ஆண்ட அத்தனை காலம் கொலைகாரர்களின் சொத்து பறிமுதலாகவில்லை, ராஜராஜன் வந்த பிறகுதான் ஆகிறது என்றால் என்ன அர்த்தம்? நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழர்மேலேயே சந்தேகத்தைத் திருப்பினார். சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. கல்கிக்கோ, செங்கல் கோயில்களைக் கற்கோயில்களாக்கிய செம்பியன் மாதேவியின் வயிற்றில் கொலைக்கு உடந்தையான ஒரு பிள்ளை பிறந்தான் என்று எழுத மனம் வரவில்லை. 'ஸ்ரீ உத்தம சோழ தேவரைத் திருவயிறு வாய்த்த உடைய பிராட்டியார்' என்று கல்வெட்டுகள் அந்த அம்மையைச் சொல்லும். அந்தத் 'திருவயிறு' என்ற சொல் 71-ஆம் அத்தியாயத் தலைப்பிலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது: 'திருவயிறு உதித்த தேவர்'. ஆகவே ஆசை பிடித்த மதுராந்தகனைப் பொய்ப் பிள்ளை ஆக்கி வெளியே அனுப்பிவிட்டு, அப்பழுக்கில்லாத சேந்தன் அமுதனை உத்தம சோழர் ஆக்கினார். வரலாற்றுச் சிக்கலுக்கு இதைவிடச் சாமர்த்தியமான விடை கண்டுபிடிப்பது கஷ்டம். சபாஷ் போடலாம்.

ஆனால் கதைக்கு இது என்ன செய்தது என்று பாருங்கள். செப்பேட்டில் உள்ள தியாகத்தின் உயிரே 'சிற்றப்பனுக்கு ஆசை இருக்கும் வரை' என்பதுதான். தகுதி இல்லாதவன், தன்னை எதிர்த்தவன், தன் அண்ணன் சாவில் நிழல் விழுந்தவன். அவன் ஆசைப்படுகிறான் என்பதற்காக, குடிமக்கள் முழுக்கத் தன் பக்கம் இருக்கும்போதே ஒருவன் மகுடத்தைக் கழற்றிக் கொடுப்பது சிகரம். நாவலில் அருள்மொழி மகுடத்தைக் கொடுப்பது யாருக்கு? தனக்கு மிகப் பிடித்த, தன்னைப் போலவே நல்லவனான, பாட்டி மெச்சிய பிள்ளைக்கு. அந்தப் பிள்ளைக்கோ ஆசையே இல்லை. 67-ஆம் அத்தியாயத்துக்கே 'மண்ணரசு நான் வேண்டேன்' என்றுதான் பெயர். 72-ஆம் அத்தியாயம் 'தியாகப் போட்டி'. இவர் வேண்டாம் என்கிறார், அவர் வேண்டாம் என்கிறார். அருள்மொழியை விரும்பும் வானதி ஏற்கெனவே சிங்காதனத்தில் உட்கார மாட்டேன் என்று சபதம் போட்டாயிற்று. எல்லாரும் வேண்டாம் என்று தள்ளும் ஒன்றை ஒருவர் வேண்டாம் என்பதில் இழப்பு எங்கே? கல்யாண வீட்டில் கடைசி ஜாங்கிரியை "நீங்க எடுத்துக்கோங்க, நீங்க எடுத்துக்கோங்க" என்று தள்ளும் உபசாரம் மாதிரி ஆகிவிடுகிறது.

போதாக்குறைக்கு, 74-இல் 'நானே முடி சூடுவேன்!' என்று அருள்மொழி அறிவிக்கிறார். அதிலிருந்து 88-ஆம் அத்தியாயப் பட்டாபிஷேகம் வரை ஒரு ஒளித்துவைத்த விளையாட்டு. சபையில் மகுடத்தைக் கையில் வாங்கி, எல்லாரும் எதிர்பார்க்கும் தலையில் வைக்காமல் அமுதன் தலையில் வைக்கும் அந்தக் கணம் காட்சியாக அழகுதான். ஆனால் அதில் திகைப்பது சபையோர். 71-ஐயும் 72-ஐயும் படித்த வாசகனுக்கு எப்படியும் தெரியும். பாகத்தின் பெயரே காட்டிக்கொடுக்கிறது. இடைப்பட்ட 13 அத்தியாயத்தில் நெஞ்சில் தைப்பது 'நெடுமரம் சாய்ந்தது' (77), பெரிய பழுவேட்டரையரின் முடிவு. 80-லிருந்து 85 வரை திருவையாறும் சீனப் பட்டு வியாபாரமும் சிற்பமும் தேவாரமும் என்று நிதானமான உலா. அப்பர் பாடலில் ஊறியவர்களுக்கு 83 பிடிக்கும். மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

2023 ஏப்ரலில் வந்த 'பொன்னியின் செல்வன்' இரண்டாம் படம் இந்த அமுதன் முடிச்சைத் தொடவே இல்லை. மதுராந்தகனுக்கே மகுடம் என்று முடித்தது. அதைத் துரோகம் என்று திட்டியவர்கள் பலர். செப்பேட்டின் வாசகத்துக்குப் படம்தான் பக்கத்தில் நிற்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். கரிகாலன் சாவை உடைத்துச் சொல்லி, அந்த இருட்டைக் கெடுத்தது வேறு விஷயம்.

நாவலின் பெயர் அருள்மொழியைச் சொன்னாலும், இந்தப் பாகத்தின் பெயருக்கு உரியவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். வாய் பேச முடியாத மந்தாகினி. மானத்தைத் தவிர வேறு சொத்து மிச்சமில்லாத பழுவேட்டரையர். கேட்டது கிடைக்காது என்று தெரிந்தே கொலைப் பழியைத் தன்மேல் ஏற்றிக்கொண்ட மணிமேகலை. இவர்கள் கொடுத்தது திரும்பி வரவில்லை. அதனால்தான் இவர்கள் வரும் அத்தியாயங்கள் மட்டும் எத்தனை முறை படித்தாலும் ஆறிப்போவதில்லை.

விட்டுப்போனவை என்று ஒரு பட்டியல் ஒவ்வொரு ரசிகரிடமும் இருக்கும். நந்தினியின் தந்தை யார் என்பதைக் குறிப்பாகத்தான் விடுகிறார். அவள் எங்கே போனாள், கடைசியில் என்ன ஆனாள்? வானதி–அருள்மொழி? எல்லாவற்றிலும் பெரியது, வந்தியத்தேவனுக்கும் கரிகாலனின் தங்கை குந்தவைக்கும் திருமணம். வேடிக்கை என்னவென்றால், வல்லவரையர் வந்தியத்தேவரைப் பற்றி நமக்கு உறுதியாகத் தெரிந்த சங்கதிகளே கொஞ்சம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு குந்தவையாரை அவருடைய தேவியார் என்று சொல்வது அதில் தலையாயது. 293 அத்தியாயத்தில் அந்த ஒன்றுதான் நடக்கவில்லை! சிவனே என்று ஒரு தாலி கட்டும் அத்தியாயம் போட்டிருந்தால் தமிழ்நாட்டில் பாதிப் பேர் வாய் மூடியிருப்பார்கள்.

இந்தப் புகார்கள் அன்றே குவிந்தன. கல்கியே அதற்காக ஒரு முடிவுரை எழுதினார். வாசகர்கள் கேட்ட கேள்விகளை எடுத்துப் போட்டு, பாத்திரங்கள் பின்னால் என்ன ஆனார்கள் என்று சுருக்கமாகச் சொல்கிறார். சரித்திரக் கதையை எங்கே நிறுத்துவது என்ற சிக்கலையும் பேசுகிறார். சமாதானமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் முடிவுரை தேவைப்பட்டதே ஒரு வாக்குமூலம்தான்.

இனி வாங்குபவர்களுக்குச் சில விஷயம். கல்கியின் நூல்கள் நாட்டுடைமை ஆனவை. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், அச்சிடுகிறார்கள். ஆகவே கடையில் எடுத்ததும் மூன்று இடத்தைப் புரட்டிப் பாருங்கள். ஐந்தாம் பாகத்தின் பொருளடக்கத்தில் 91 வரை இருக்கிறதா. இல்லையென்றால் அது சுருக்கப் பதிப்பு. கடைசி அத்தியாயத்துக்குப் பிறகு முடிவுரை இருக்கிறதா. எழுத்தின் அளவு என்ன. ஐந்து பாகத்தையும் ஒரே கட்டில் அடைத்த பதிப்புகளில் எழுத்து பொடியாக இருக்கும், நடு முதுகு சீக்கிரம் பிளக்கும், ஐந்தாம் பாகம் கடைசியில் இருப்பதால் முதலில் கழன்று வருவதும் அதுதான். தனித்தனி ஐந்து புத்தகமாக வாங்குவது நல்லது. மணியம் வரைந்த படங்கள் உள்ள பதிப்பு கிடைத்தால் கூடுதல் விலை கொடுக்கலாம். அந்தக் காலத்தில் வீடு வீடாகப் பத்திரிகையிலிருந்து கிழித்து பைண்டு செய்து வைத்தது கதைக்காக மட்டுமல்ல. காசு செலவழிக்க விருப்பம் இல்லாதவர்களுக்கு இணையத்தில் மதுரைத் திட்டத்திலும் விக்கிமூலத்திலும் முழு உரை இலவசமாகவே இருக்கிறது.

படிக்கும் முறைக்கும் ஒரு யோசனை. முதல் நாலு பாகத்தைப் போல இதை ராவோடு ராவாக விழுங்க வேண்டாம். 1 முதல் 47 வரை எப்படி வேண்டுமானாலும் படியுங்கள். அது உங்களை நிறுத்த விடாது. அங்கே நாலைந்து நாள் மூடி வைத்துவிடுங்கள். பிறகு எடுத்து, நாளுக்கு இரண்டு அத்தியாயம் என்று போங்கள். இது வாரத்துக்கு வாரம் வந்த எழுத்து. முன்கதையை நினைவூட்டும் வரிகள், அத்தியாயக் கடைசியில் ஒரு திடுக், அடுத்ததன் தொடக்கத்தில் அந்தத் திடுக் புஸ்ஸென்று அடங்குவது எல்லாம் அடுத்த இதழுக்குக் காத்திருந்தவனுக்காகச் செய்தவை. அடுத்தடுத்துப் படித்தால் அவைதான் முதலில் உறுத்தும். மறுவாசிப்புக்காரர்கள் 54, 63 இரண்டையும், 80 முதல் 87 வரையும் மேலோட்டமாகத் தள்ளலாம். 58-ஐத் தள்ளாதீர்கள், அதில்லாமல் மீதி எதுவும் புரியாது. முடிவுரையை அன்றைக்கே படிக்காமல் மறுநாள் படியுங்கள்.

மதிப்பெண் போட்டே ஆக வேண்டும் என்றால், முதல் 47-க்கு ஐந்துக்கு ஐந்து. அடுத்த 43-க்கு இரண்டரை. கடைசி ஒன்றை இரண்டு கணக்கிலும் சேர்க்க மனம் வரவில்லை. 88-இல் பட்டாபிஷேகம், 89-இல் வசந்தம், 90-இல் 'பொன்மழை பொழிந்தது' என்று எல்லாம் மங்களமாக முடிந்த பிறகு, 91-ஆம் அத்தியாயத்தில் கல்கி திரும்பிப் போவது மணிமேகலையிடம். அரச குலத்துக் கணக்கில் இடமே இல்லாத கடம்பூர்ப் பெண் வந்தியத்தேவன் மடியில் சாகிறாள். தலைப்பு 'மலர் உதிர்ந்தது'. அந்த ஒரு அத்தியாயத்தில் மட்டும் வந்தியத்தேவன் வாயடைத்துப் போகிறான்.